நான் நிமிர்த்திய பாதாம் மரம்

தம்பிக்கு, அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் திருமண ஓலையை மூன்றாவது முறையாக வாசித்தார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பெற்றோர் பெயர் எல்லாம் வாசித்துவிட்டு, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று உபதேசியார் முடித்தார். ஐம்பது வருடமாகக் கேட்டுவரும் வாக்கியம். கோயிலில் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. செருப்பை எந்தப் பக்கம் விட்டோம் என்று அந்த நேரத்தில்தான் யோசிப்பார்கள். நான் மட்டும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். மகனுக்கு ஓலை வாசிக்கிற சந்தோஷத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்று நினைத்து உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதே, உன் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை. ரெஜினா நல்ல பெண். உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததைத் தவிர அவளிடம் ஒரு குறையும் நான் காணவில்லை. தடை இருப்பது விருந்துக்கு. கொல்லையில் பாதாம் மரத்தடியில் பந்தல் போட்டு, முந்நூறு நாற்காலி போட்டுச் சாப்பாடு என்று பத்திரிகையில் அச்சடித்திருக்கிறாய். அட்டையில் மரத்தின் படத்தையும் போட்டிருக்கிறாய். அந்த மரம் விழப்போகிறது. எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும்.

முழுவதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் பாதியில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

அந்த மரத்தை நட்டதே ஒரு பிழையில்தான். வீடு கட்டிய வருடம், உனக்கு மூன்று வயது. நாற்றுப் பண்ணையில் போய், "பாதாம் கன்று இருக்கா?" என்றேன். "இருக்கு சார், எத்தனை வேணும்?" என்றான். உன் அம்மாவிடம் வந்து, இனிமேல் நம் வீட்டில் பாதாம் பருப்புக்குக் கடைக்குப் போகிற வேலை இல்லை என்றேன். கடையில் விற்கிற பாதாம் குளிர்ப் பிரதேசத்து மரம். பூப்பதற்கே மாதக்கணக்கில் குளிர் வேண்டும். ஒரத்தநாட்டில் குளிர் என்பது மார்கழியில் நான்கு நாள் மஃப்ளர் கட்டுவதோடு சரி. நம் ஊர்ப் பாதாம் வேறு. அகல இலை, தட்டுத் தட்டாகக் கிளை, குடைக்கு மேல் குடை பிடித்ததுபோல் நிழல், வருடத்துக்கு இரண்டு முறை சிவந்து உதிரும் இலை. கொட்டையைக் கல்லால் இடித்தால் கிடைக்கிற பருப்பு ஒரு பல்லுக்குப் போதும். அடுத்த பல்லுக்கு அடுத்த கொட்டை. இதெல்லாம் ஒரு தாவரவியல் ஆசிரியனுக்குத் தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியும். ஆனால் ஆசை வரும்போது பாடத்திட்டம் கூட வருவதில்லை. வீட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி நட்டேன். முப்பது அடியாவது தள்ளி நட்டிருக்க வேண்டும். அந்தப் பதினைந்து அடிக்குத் தெற்கே இருப்பது நம் சமையலறை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் புயல் வந்தபோது நீ சென்னையில் இருந்தாய். காலையில் வெளியே வந்து பார்த்தால், நம் பக்கத்தில் தென்னை மரம் என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சி சொல்லக்கூட ஆளில்லை. எல்லாம் படுத்துக் கிடந்தன. பாதாம் மட்டும் முழுதாக விழவில்லை. வடக்குப் பக்கத்து வேர் மண்ணோடு கிளம்பி, மரம் தெற்கே சாய்ந்து, தலைசுற்றல் வந்த ஆள் சுவரைப் பிடித்துக்கொள்வதுபோல் சமையலறைக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. சாய்ந்த மரத்தை நிமிர்த்துவதற்கு முறை இருக்கிறது. முதலில் கிளையில் பாதியைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். வேர் காய்வதற்குள், ஓரிரு நாளில், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். பிய்ந்த வேரைச் சுத்தமாக நறுக்க வேண்டும். ஒரு வருடமாவது முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். மண்ணைத் தண்டு மூடுகிற மாதிரி குவிக்கவே கூடாது. அந்த வாரம் இதைத் தெருவில் எல்லோருக்கும் சொன்னேன். நான் கிளையில் கை வைக்கவில்லை. குடை அழகு போய்விடும் என்று தோன்றியது. ஜேசிபி எல்லாம் சாலையில் கிடந்த மரங்களை அகற்றப் போயிருந்ததால், ஒன்பதாவது நாள்தான் ஒன்று வந்தது.

"மெதுவா இழுப்பா," என்றேன்.

"மெதுவா இழுக்க இது மாடா சார்?" என்றான் ஓட்டுகிறவன். ஒரே இழுப்பு.

மரம் நிமிர்ந்தது. நிமிரும்போது மண்ணுக்குள் சரவெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. தெருவே கை தட்டியது. எனக்கு அந்தச் சத்தம் என்ன என்று தெரியும். வேரின் பணிகள் யாவை என்று முப்பது வருடம் ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டவன் நான். முதல் பணி ஊன்றுதல். அந்த முதல் மதிப்பெண்தான் உள்ளே அறுந்துகொண்டிருந்தது. நானும் கை தட்டினேன்.

நாற்பது நாளில் அது துளிர்த்தது. அன்றைக்கு நம் ஊரில் ஜனங்கள் இருந்த நிலைமையில் எது துளிர்த்தாலும் போய்ப் பார்த்திருப்பார்கள். பிள்ளையைப்போல் வளர்த்த தென்னையை அறுத்து லாரியில் ஏற்றி அனுப்பியவர்கள் நம் கொல்லையில் வந்து அண்ணாந்து நின்றுவிட்டுப் போனார்கள். அதை நான் இன்றுவரை கேலி செய்ததில்லை. பிறகு பாஸ்கா, உயிர்ப்பு ஞாயிறு வந்தது. அப்போதிருந்த பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "எங்கயோ யெருசலேமுக்குப் போக வேணாம், நம்ம சார் வீட்டுக் கொல்லையில போய்ப் பாருங்க உயிர்ப்பை!" என்றார். அன்றிலிருந்து அது உயிர்த்த மரம். ஞானோபதேசப் பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டுப் போனார்கள். பரீட்சை ஹால்டிக்கெட்டை அடியில் வைத்து எடுத்தார்கள். தண்டில் கை வைத்தபடி நான் நிற்கும் படம் பேப்பரில் வந்தது. படத்தில் நான் மரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் இருக்கும்; இப்போது யோசித்தால் அதுதான் உள்ள நிலவரம். இரண்டு பேர் சேர்ந்தால் கமிட்டி என்பது நம் சபையின் வழக்கமாதலால் ஒரு கமிட்டி உருவாகி, மரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமெண்ட் மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, வேளாங்கண்ணியிலிருந்து ஒரு சின்ன மாதா சுரூபம் கொண்டுவந்து வைத்தது. ஒரு மரத்தின் வேரை மூச்சுமுட்ட வைக்க மனிதன் கண்டுபிடித்ததில் சிமெண்ட் மேடைக்கு நிகரானது இல்லை. இது தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான்.

அடுத்த வருடக் கடைசியில், மேடைக்குச் சற்று மேலே, தண்டின் வடக்குப் பக்கத்தில் காளான் முளைத்தது. காது மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. "மரத்துக்குக் காது வந்துருக்கு பாரு, வேண்டுதலைக் கேக்குது," என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தண்டடியில் அந்தக் காளான் வந்தால் உள்ளே அழுகல் என்று பொருள். ஒருநாள் உன் அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது, கட்டட வேலையில் மிஞ்சிய கம்பி ஒன்றை இரண்டு டைல்ஸுக்கு நடுவே மேடை விரிந்திருந்த இடத்தில் செலுத்திப் பார்த்தேன். நல்ல மரமானால் ஒரு சாண் போவதற்குள் வேரில் முட்ட வேண்டும். களிக்குள் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது. கையை எடுத்தபோது கம்பியில் பாதி உள்ளே இருந்தது. வெளியே இழுத்து முகர்ந்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் பல வருடம் முகர்ந்ததுதான். துளையை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். சாயங்காலம் ஒரு அம்மாள் மெழுகுவர்த்தியோடு வந்து, "தீப்பெட்டி இருக்குங்களா சார்?" என்றார். கொடுத்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். தீப்பெட்டியைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

இனி வருவதைப் படிக்கும்போது நீ என்ன நினைப்பாய் என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஊரடங்கு வந்தது. நீ வீட்டுக்கு வந்தாய். உள்ளே சிக்னல் கிடைக்கவில்லை என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அந்த மேடையில் உட்கார்ந்தாய். எட்டு மாதம் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தாய். கம்பி இறங்கிய இடத்தில்தான் உன் தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். நான் தெரிந்தே உன்னை அங்கே உட்காரவிட்டேன். இந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் இதேதான் வருகிறது.

நான் செய்த ஒரே காரியம், என் நாற்காலியையும் கொண்டுவந்து உன் பக்கத்தில் போட்டுக்கொண்டு புத்தகம் படித்தது. அப்பா துணைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நீ உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னாய். விழுந்தால் இரண்டு பேர் மேலும் சேர்ந்து விழட்டும் என்பதுதான் என் கணக்கு. அதை அப்போது ஒரு நீதியாகவே நினைத்தேன். உன் அம்மா என்ன ஆவாள் என்று அந்த நீதிமானுக்குத் தோன்றவில்லை. அந்த எட்டு மாதத்தில் நான் எத்தனை புத்தகம் எடுத்து வைத்தேன் என்று சொல்ல முடியும், ஒன்றில்கூட என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. கண் பக்கத்தில் இருக்கும். காது முழுக்க மேலே.

ஆடி மாதத்தில் ஒருநாள் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன்!"

"மீட்டிங்க உள்ள வந்து பாருடா."

"வெறும் காத்துப்பா. ஆடியில காத்தடிக்காம பின்ன என்ன அடிக்கும்?"

"எழுந்திருக்கிறியா, இல்ல கம்ப்யூட்டர எடுத்து வீசட்டுமா?"

திரையில் இருந்த உன் மேலாளர் முகத்தை நான் மறக்கவில்லை. உள்ளே வந்து ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் விழவில்லை. ஒரு சுள்ளிகூட விழவில்லை. புயலுக்குப் பிறகு அப்பாவுக்குக் காற்றென்றால் பயம் என்று நீ அம்மாவிடம் சொன்னாய். அவள் பாவம் என்றாள். அந்தப் பாவத்தை நான் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பொய்யன் என்று தெரிய வேண்டாம் என்று இருந்தது. மறுநாள் நீ மறுபடி அங்கே போய் உட்கார்ந்தாய். நான் என் நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

கல்யாணமாகப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் இருக்கிற புத்தியெல்லாம் இந்த மரத்தடியில் பொறுக்கியதுதான். குடும்பத்தில் ஏதாவது சாயும். எல்லா வீட்டிலும் சாய்கிறது. நிமிர்த்துவதற்கு முன்னால் தலைப்பாரத்தை இறக்கு. அழகு போய்விடுமே என்று பார்க்காதே. இலை மறுபடி வரும். ஒரே இழுப்பில் நிமிர்த்தாதே. நிமிர்ந்தவுடனே கை தட்டுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடு; அவர்கள்தான் அடுத்த மாதம் மேடை கட்ட வருவார்கள். உள்ளே அறுந்த சத்தம் கேட்டால், கேட்ட அன்றைக்கே ரெஜினாவிடம் சொல். ஒரு நாள் தள்ளிப் போட்டால் மறுநாள் அந்த விஷயத்தோடு, நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். எனக்கு இப்படி ஐந்து வருடம் சேர்ந்துவிட்டது.

விருந்து மரத்தடியில்தான் என்று நீ போனில் சொன்ன அன்று, கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு கடன் வாங்கினேன். கிளையில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, குண்டு நிற்கும் இடத்தில் டைல்ஸின்மேல் பென்சிலால் புள்ளி வைத்தேன். தினமும் காலையில் பார்ப்பேன். காதைத் தண்டில் வைத்து உள்ளே ஏதாவது முறுக்குகிறதா என்றும் கேட்பேன். அந்தப் பக்கம் போகிறவர்கள், சாருக்கு வயதாக ஆகப் பக்தி கூடிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

"மரத்துல நூலக் கட்டித் தொங்கவிட்டு என்ன பண்றீங்க?" என்று உன் அம்மா கேட்டாள்.

"செபம்."

"எந்த மாதாவுக்குங்க கொத்தனார் குண்டு காணிக்கை?"

இரண்டு வாரம் குண்டு புள்ளியிலேயே நின்றது. போன வாரம் மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தேன். ஒரு விரல் அகலம் தெற்கே போயிருந்தது. வடக்குப் பக்கத்தில் மேடை விரிந்து, டைல்ஸ் இரண்டு தூக்கிக்கொண்டிருந்தது. உன் அம்மா மத்தியானம் கண்ணயர்ந்திருந்தபோது வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து விரிசலைப் பூசினேன். அறுபத்தெட்டு வயதில், ஓய்வுபெற்ற ஆசிரியன், விழப்போகும் மரத்துக்குப் பூச்சு வேலை. மறுநாள் காலை பூச்சின் நடுவிலேயே வெடிப்பு வந்திருந்தது. பந்தலும் நாற்காலியும் மரத்தைச் சுற்றித்தான் வரப்போகின்றன. மணமக்கள் மேடை தெற்கே, மரத்துக்கும் சமையலறைக்கும் நடுவே.

ஞாயிறு பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கிற சாமியாருக்கு உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கும்.

"ஒரு மரத்தைப் பத்தி ஃபாதர்," என்றேன்.

"யார் மரத்தை வெட்டினீங்க?"

"வெட்டல ஃபாதர். அதான் பாவம்."

உனக்கு இதுவரை எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "ஆண்டவரே உயிர்த்தப்புறம் நாப்பது நாள்தாங்க இங்க இருந்தாரு. உங்க மரம் ஆறு வருஷம் இருந்துருச்சு. போதும், அனுப்பி வைங்க," என்றார். விருந்தைப் பங்கு மண்டபத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எனக்கு உடம்பே லேசானது. எழப் போனேன். "உக்காருங்க, அபராதம் சொல்லலையே," என்றார். பத்து அருள்நிறை மந்திரம் சொல்வார் என்று பார்த்தேன். "வீட்ல அம்மாட்ட சொல்லணும். அப்புறம் பையன்கிட்ட சொல்லணும். அந்த எட்டு மாசத்தையும் சேத்து," என்றார். இந்தக் காலத்துச் சாமியார்களுக்கு இரக்கமே இல்லை.

உன் அம்மாவிடம் அன்று மத்தியானமே சொன்னேன். குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஜேசிபியிலிருந்து ஆரம்பித்தேன். முடிக்கும்வரை திரும்பவே இல்லை. கடுகு கருகி நெடி வந்த பிறகும் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "ஆறு வருஷமா நான் நின்னு சமைக்கிற எடம் இது," என்றாள். பிறகு, "என்னைய விடுங்க. அவன் உக்காந்திருந்தானே. வச்ச கண்ணு வாங்காம அவனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்களே," என்றாள். அடுப்பை அணைத்து, சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். மூன்று நாளாக நம் வீட்டில் முன்னறையில்தான் சமையல். என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

திங்கட்கிழமை மரம் வெட்டுகிற மாரிமுத்துவைக் கூட்டி வந்தேன். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் நான்கு இடத்தில் தட்டினான். நான்கும் வேறு வேறு சத்தம்.

"சார், உள்ள வெறும் கூடு. நான் ஏற மாட்டேன்."

"கயிறு கட்டி இழுத்தா?"

"இழுத்தா எந்தப் பக்கம் வரும்னு அதுக்கே தெரியாது சார். கிரேன் வச்சு மேலேருந்து துண்டு துண்டாத்தான் எறக்கணும். கிரேன் வியாழக்கிழமை காலையிலதான் கெடைக்கும்."

"அதுவரைக்கும் என்னப்பா பண்றது?"

"காத்து வராம பாத்துக்குங்க சார்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். போகும்போது மேடையில் இருந்த மாதாவை இரண்டு கையாலும் எடுத்து, துண்டால் துடைத்து, முன்வாசல் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அவன் சிவன் கோயிலுக்குப் போகிறவன். மாதாவை எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று காலையிலிருந்து டிவியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது கொல்லையில் ஒரு இலை அசையவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தாள்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். ரயில் ஏறுவதற்குள் பார்த்துவிடு. விருந்து இனிப் பங்கு மண்டபத்தில்தான். பத்திரிகையில் இருக்கிற மரத்துக்கு என்ன பதில் சொல்வது என்று ரெஜினா வீட்டில் கேட்டால், அப்பனின் மடத்தனம் என்று சொல். என் பெயரைக் காப்பாற்ற வேண்டாம். அதைக் காப்பாற்றித்தான் இவ்வளவு தூரம் வந்தது.

நாளைக் காலையில் நீ வந்து இறங்குவாய். வந்ததும் பையைத் தோளிலிருந்து இறக்காமல், பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், அந்த மேடையில் உட்கார்ந்துகொண்டு காபி என்று குரல் கொடுப்பது உன் பழக்கம். சந்தின் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறேன். கயிற்றை நம்பாதே, கட்டியது நான். நேரே வாசல் வழியாக வா. கோபத்தோடு வா, அதை ரயிலிலேயே ஆற்றிவிட்டு வராதே. முன்னறையில் அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவே உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்து, அம்மா முன்னாலேயே, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னைத் திட்டு. நான் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டேன். கோபத்தில் எழுந்து பின்பக்கம் மட்டும் போய்விடாதே.

அப்பா